தரைவாணக் காட்சியில் எழுத்துப் படம் புகைக்குள் மறைந்தது: குற்றம் சரக்கிலா, காற்றிலா, வரிசையிலா?

தரைவாணம் எழுதியது:

வணக்கம். வானில் ஏறி வெடிக்கும் குண்டுகள் எதுவும் இல்லாமல், தரையில் நின்று எரிபவற்றை மட்டும் கொண்டு காட்சி நடத்தும் உரிமம் பெற்ற சிறு குழுவில் நான் இருக்கிறேன். சென்ற மாதம் நாங்கள் நடத்திய ஒரு காட்சி கெட்டுப்போனது. ஏன் கெட்டது என்பதில் எங்கள் குழுவுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லாததால், விவரம் அறிந்தவர்களிடம் கேட்டுத் தெளியலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நாற்பது மீட்டர் அகலமுள்ள முகப்பில் பன்னிரண்டு புஸ்வாணக் குழல்களை, அதாவது விலைப்பட்டியல்களில் ஜெர்ப் என்று குறிப்பிடப்படும் தடித்த காகிதக் குழல்களை, வரிசையாக நிறுத்தியிருந்தோம். அவை எரிந்து முடிந்ததும், அவற்றின் பின்னால் கம்பியில் தொங்கவிட்டிருந்த இருபது மீட்டர் நீர்வீழ்ச்சி, அதாவது வெள்ளிப் பொறிகளை அருவிபோலக் கொட்டும் வாண வரிசை, பற்றவேண்டும். அதற்கடுத்து, மரச்சட்டத்தில் ஏறத்தாழ இருநூற்று நாற்பது லான்ஸ் குழல்களால், அதாவது நிறச் சுவாலையுடன் எரியும் மெல்லிய காகிதக் குழல்களால், அமைத்த எழுத்துகள் ஒளிரவேண்டும். இறுதியில் இரண்டு சக்கரங்கள். மக்கள் அறுபது மீட்டர் தள்ளி அமர்ந்திருந்தார்கள்.

புஸ்வாணங்கள் பற்றியபோதே கோளாறு தெரிந்தது. பன்னிரண்டில் எட்டு ஒரே உயரத்துக்குப் பொறியைச் சீறின. இரண்டு குழல்கள் பாதி உயரத்துக்கு மேல் எழவே இல்லை. ஒன்று தாமதமாகப் பற்றியது. மற்றொன்று பாதியில் 'டொப்' என்ற ஓசையுடன் வாயிலிருந்த களிமண் அடைப்பை வெளியே உமிழ்ந்துவிட்டு, மீதி மருந்தை இரண்டு மூன்று நொடிகளில் பெரும் சுவாலையாக எரித்துத் தீர்த்தது. யாருக்கும் காயமில்லை, அந்த அடைப்பு எங்கே விழுந்தது என்று மறுநாள் தேடியும் கிடைக்கவில்லை. நீர்வீழ்ச்சி அழகாகத்தான் விழுந்தது. ஆனால் அது முடிந்தபோது முகப்பு முழுவதும் ஆளுயரத்துக்கு மேல் வெண்புகை அசையாமல் நின்றது. அதன் பின்னால் எழுத்துகள் பற்றின. ஒரு நிமிடம் எரியவேண்டிய படத்தில் மக்கள் கண்டது சிவந்த மூட்டம் மட்டுமே. நீலத்தில் அமைத்திருந்த கடைசி வரி ஒருவர் கண்ணுக்கும் படவில்லை. அந்த எழுத்துகளைச் சட்டத்தில் பொருத்த மூன்று பேர் இரண்டு நாள் உழைத்திருந்தோம்.

சரக்கு மட்டம் என்கிறார் எங்களில் ஒருவர். காற்று நின்றுபோனதே காரணம் என்கிறார் இன்னொருவர். உங்கள் கருத்து என்ன?

குழலும்களிமண்ணும் எழுதியது:

நண்பரே, குழலில் மருந்து செலுத்தும் வேலையை நெடுங்காலம் செய்து, பிறகு அந்த வேலையைச் சரிபார்க்கும் பொறுப்பில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் கூறியதில் இரண்டு தனித்தனிக் குறைகள் இருக்கின்றன. அவற்றை ஒன்றாகக் கட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் விடை கிடைக்காது. குழல்கள் ஒன்றுபோல் எரியாமல் போனது தரக் கோளாறு, அதில் எனக்கு ஐயமில்லை. புகை நின்றது தரக் கோளாறுதானா என்பதை இன்னும் நிறுவவேண்டும்.

முதலில் அடைப்பை உமிழ்ந்த குழல். புஸ்வாணக் குழலின் வாயில் இறுக்கிய களிமண் வளையம் ஒன்று இருக்கும். நடுவிலுள்ள சிறு துளை வழியாகத்தான் நெருப்பும் வாயுவும் பொறியும் வெளிவரவேண்டும். பொறி எழும் உயரத்தைத் தருவது அந்தத் துளை உண்டாக்கும் அழுத்தமே. உள்ளே மருந்து ஒரே சீராக இறுகியிருந்தால், எரியும் முகம் தட்டையாக மேலிருந்து கீழே இறங்கும், அழுத்தமும் மாறாமல் இருக்கும். இதற்காகவே மருந்தைச் சிறுசிறு அளவாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் இறுக்குவார்கள். ஒருமுறை இறுக்கும் அளவு குழலின் உள்விட்டத்தைத் தாண்டக்கூடாது என்பது பழைய கணக்கு. வேலையை விரைந்து முடிக்க ஒரே தடவையில் நிறையப் போட்டு இறுக்கினால், மேற்பகுதி கல்லாகவும் அடிப்பகுதி பொலபொலவென்றும் இருக்கும். தளர்ந்த இடத்தையோ விரிசலையோ நெருப்பு எட்டியவுடன் எரியும் பரப்பு பலமடங்காகி, அழுத்தம் ஏறி, களிமண் வளையம் பிடுங்கிக்கொண்டு பறக்கும். உங்கள் குழலுக்கு நேர்ந்தது இதுவாகவே இருக்கவேண்டும்.

பாதி உயரத்துக்கு மட்டும் எழுந்தவற்றுக்குக் காரணம் நேர்மாறானது. வளையம் சரியாக இறுகவில்லையென்றால் துளை எரிய எரியத் தேய்ந்து அகன்றுவிடும், அழுத்தம் விழுந்துவிடும். குழல் நமத்திருந்தாலும் இதே விளைவுதான். இங்கேதான் தரமும் புகையும் சந்திக்கின்றன: வேகமாகச் சீறும் குழல் தன் புகையைத் தன்னுடனேயே மேலே தள்ளிக்கொண்டு போகும், சோர்ந்து எரியும் குழலோ அதே அளவு புகையைத் தன் காலடியிலேயே கொட்டிவிடும்.

அந்தப் பெட்டியில் மீதி இருக்கிறதா? இருந்தால் எதையும் வெட்டித் திறந்து பார்க்கவேண்டாம். மருந்து இறுகிய குழலில் கத்தியோ துளைக்கருவியோ படவே கூடாது. இதைச் செய்து விரல்களை இழந்தவருடன் நான் வேலை செய்திருக்கிறேன்.

வேதிப்பாடம் எழுதியது:

புகை எங்கிருந்து வருகிறது என்ற கணக்கை முதலில் போட்டுவிட்டால் விவாதம் எளிதாகும் என்று நினைக்கிறேன்.

தரைவாணங்களில் பெரும்பாலானவற்றின் அடிப்படை கருமருந்துதான்: எடையில் ஏறத்தாழ 75 விழுக்காடு வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட், 15 கரித்தூள், 10 கந்தகம். இது எரியும்போது முழுவதும் வாயுவாகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் எடையில் பாதிக்கும் சற்று மேலான பங்கு திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்பேட், பொட்டாசியம் சல்பைடு ஆகியவையே அதன் பெரும்பகுதி. புகை என்று நாம் அழைப்பது, காற்றில் மிதக்கும் அந்த உப்புத் துகள்களைத்தான். ஆக, ஒரு குழலில் 200 கிராம் கருமருந்து வகை இருந்தால் பன்னிரண்டு குழல்களிலும் சேர்த்து 2.4 கிலோ, அதில் ஒரு கிலோவுக்கும் மேற்பட்ட உப்பு உங்கள் முகப்பில் தூளாகப் பரவியிருக்கிறது. மிகச் சிறந்த தொழிலாளி மிகச் சுத்தமான பொருளால் செய்திருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

நீர்வீழ்ச்சியின் கணக்கு இன்னும் கடுமையானது. வெள்ளியாக விழும் பொறிகள் எரியும் அலுமினியச் செதில்கள். 54 கிராம் அலுமினியம் 48 கிராம் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 102 கிராம் அலுமினியம் ஆக்சைடாகிறது; அதாவது ஒரு கிலோ உலோகம் முழுமையாக எரிந்தால் ஏறத்தாழ 1.9 கிலோ வெண்தூள் உண்டாகும். அதில் ஒரு பங்கு கசடாகத் தரையில் விழும், எஞ்சியது மெல்லிய வெண்புகையாக நிற்கும். எழுத்துகளைக் காட்டுவதற்கு முந்தைய நிமிடத்தில் நீர்வீழ்ச்சியை வைத்தது, கரும்பலகையில் எழுதும் முன் அதில் சுண்ணாம்பு பூசியதைப் போன்றது.

நீல வரி முதலில் மறைந்ததற்கும் காரணம் உண்டு. நீல ஒளியைத் தருவது சுவாலையில் உருவாகும் செம்பு குளோரைடு. சுவாலை சற்று அதிகமாகச் சூடானாலும் அது சிதைந்துவிடும் என்பதால் நீலம் இயல்பிலேயே மங்கலான நிறம். அத்துடன் புகையின் மிக நுண்ணிய துகள்கள் சிவப்பைவிட நீலத்தையே அதிகமாகச் சிதறடிக்கின்றன. சிவப்பு நிறம் தரும் உலோகமான ஸ்ட்ரான்ஷியத்தின் ஒளி மூட்டமாகவாவது தெரிந்தது, நீலம் அடியோடு போயிற்று என்று நீங்கள் எழுதியது இதனுடன் பொருந்துகிறது.

கூட்டத்தில்ஒருவர் எழுதியது:

நான் தொழிலில் உள்ளவன் அல்ல. ஆஸ்துமா உள்ள மகளுடன் இத்தகைய காட்சிகளுக்குச் செல்லும் பார்வையாளன். படம் மறைந்தது பற்றிப் பேசுகிறீர்கள், அந்தப் புகை எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லையே என்ற வருத்தத்தில் எழுதுகிறேன். தரைக்காட்சிகளில் புகை எங்கள் முகத்துக்கு நேரே வருகிறது. உயரத்தில் வெடிப்பவற்றின் புகை தலைக்கு மேலேயே போய்விடுவதால், அங்கே என் மகள் இந்த அளவுக்குத் துன்பப்பட்டதில்லை. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நல்லது என்று ஒரே ஒரு அறிவிப்பாவது காட்சிக்கு முன் செய்யக்கூடாதா?

காற்றுத்திசை எழுதியது:

மேலே கேட்ட நண்பரின் கேள்வி நியாயமானது, அதற்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். நான் வானிலை நோக்கராகப் பணியாற்றியவன்.

காற்று பலமாக வீசினால் காட்சி கெடும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் தரைவாணத்துக்குப் பெரும் பகை காற்றே இல்லாத தெளிந்த இரவு. மேகமில்லாத மாலையில் சூரியன் மறைந்ததும் நிலம் தன் வெப்பத்தை விரைவாக இழந்து குளிர்கிறது. நிலத்தை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. அதற்கு மேலுள்ள காற்றோ இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. கீழே கனத்த குளிர்காற்று, மேலே இலேசான சூடான காற்று என்ற இந்தத் தலைகீழ் அடுக்கு ஒரு மூடி போலச் செயல்படும். பெரிய தீயின் புகை தன் வெப்பத்தின் வலுவால் அந்த மூடியைத் துளைத்துக்கொண்டு போகலாம். புஸ்வாணத்தின் புகைக்கு அந்த வலுவில்லை. சில மீட்டர் ஏறி, ஆறி, பாய் விரித்தாற்போல் கிடைமட்டமாகப் பரவிவிடும்.

இதை அறியக் கருவி வேண்டியதில்லை. புல்லிலும் இரும்புக் கம்பியிலும் பனித்துளி கட்டத் தொடங்கியிருந்தால் மூடி விழுந்துவிட்டது என்று கொள்ளலாம். தொலைவில் ஏதாவது புகை எழுந்து ஓர் உயரத்தில் மடங்கிப் படுக்கிறதா என்றும் பார்க்கலாம். காட்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு சட்டத்தைத் தொட்டுப் பார்த்தீர்களா? அது ஈரமாக இருந்ததா?

ஈரப்பதத்துக்கு இன்னொரு பங்கும் உண்டு. வேதிப்பாடம் குறிப்பிட்ட உப்புகள் காற்றிலிருந்து நீரை இழுப்பவை. பொட்டாசியம் கார்பனேட் 43 விழுக்காட்டு அளவிலான ஒப்பு ஈரப்பதத்திலேயே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கிவிடும். வெடியுப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் பெர்குளோரேட் சேர்த்த மருந்துகளிலிருந்து வரும் பொட்டாசியம் குளோரைடு 84 விழுக்காட்டைத் தாண்டினால் கரையும். அதாவது ஈரமான இரவில் ஒவ்வொரு துகளும் நீரை ஏற்று வீங்கி, முன்னைவிட அதிக ஒளியைச் சிதறடிக்கிறது. வறண்ட இரவில் மெல்லிய திரையாகத் தெரிந்திருக்கும் அதே அளவு உப்பு, ஈர இரவில் மூடுபனியாகிவிடுகிறது.

பார்வையாளர் இருக்கை பற்றி: முகப்புக்குக் குறுக்காக, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வீசும் மென்காற்றே இருவருக்கும் நல்லது. அது படத்தையும் மறைக்காது, மக்கள் மீதும் படாது. காற்று மக்களை நோக்கி இருந்தால் இடத்தை மாற்றுவதோ காட்சியைத் தள்ளிவைப்பதோதான் முறை. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்களுக்கு 24 மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராம் என்ற வரம்பே வைக்கப்பட்டிருக்கிறது. வாணப் புகையின் பெரும்பகுதி இந்த நுண்துகள் வகையைச் சேர்ந்தது. சில நிமிடப் புகைதானே என்று நினைப்பவர்கள், ஒரு கிலோ உப்புத்தூளை எத்தனை மைக்ரோகிராமாகப் பிரிக்கலாம் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கவேண்டும்.

தரைவாணம் எழுதியது:

சட்டம் ஈரமாகத்தான் இருந்தது. திரி இணைப்புகளைச் சரிபார்க்கும்போது கை வழுக்கியதால் துணியால் துடைத்துக்கொண்டே வேலை செய்தோம். அது ஓர் அறிகுறி என்று எங்களுக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. எரிந்து முடிந்த குழல்களை அன்றிரவு மைதான ஓரத்தில் அடுக்கிவிட்டுக் காலையில் எடுக்கப் போனேன். உள்ளே கருஞ்சாம்பலாக இருந்த படிவு இரவோடு இரவாகக் கரைந்து, பழுப்பு நிறக் கூழாக வாயிலிருந்து வழிந்துகொண்டிருந்தது. அழுகிய முட்டை நாற்றம். சோர்ந்து எரிந்த இரண்டு குழல்களில் அந்தக் கூழ் மற்றவற்றைவிட அதிகம், அவற்றின் களிமண் வளையமும் விரல் நுழையும் அளவுக்கு அகன்றிருந்தது. அந்தப் பெட்டியில் ஒன்பது குழல்கள் மீதம் உள்ளன. திறக்கமாட்டோம், உறுதி.

வேதிப்பாடம் எழுதியது:

அந்தக் கூழ், நாம் பேசிய பொட்டாசியம் கார்பனேட் காற்றின் ஈரத்தை இழுத்துக் கரைந்த நிலை. நாற்றம், சல்பைடு ஈரத்துடன் சேர்ந்து வெளிவிட்ட ஹைட்ரஜன் சல்பைடு. குழலுக்குள் நீங்கள் கையால் தொட்டுப் பார்த்த அதே மாற்றம்தான் முந்தைய இரவில் காற்றில் மிதந்த துகள்களுக்கும் நடந்தது.

மேடைத்தீ எழுதியது:

இவ்வளவு பேசியும் ஒருவரும் மருந்தையே மாற்றுவது பற்றிச் சொல்லவில்லை. மேடை நிகழ்ச்சிகளில் நாங்கள் பயன்படுத்தும் குழல்களில் பல நைட்ரோசெல்லுலோஸ் அடிப்படையில் அமைந்தவை. அது எரிந்தால் கரியமில வாயு, கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன், நீராவி ஆகியவையே பெரும்பாலும் வருகின்றன. திட உப்பு மிகக் குறைவு. பொறிக்காகச் சேர்க்கும் டைட்டானியம் துகள்கள் வெண்பொறியைத் தரும், ஆக்சைடாகி விழும். நைட்ரஜன் செறிந்த டெட்ரசோல் வகைச் சேர்மங்களைக் கொண்ட குறைபுகை மருந்துகளும் ஆய்வுக்கூடங்களிலிருந்து வெளிவந்திருக்கின்றன. அவற்றில் நிறம் தரும் உலோக உப்பைக் குறைந்த அளவில் சேர்த்தாலே போதும் என்பது கூடுதல் நன்மை, ஏனெனில் நிறத்தைக் கழுவிவிடும் புகையும் சுவாலை ஒளியும் அங்கே குறைவு. டிஸ்னிலாந்து 2004-ல் அறிவித்த அழுத்தக் காற்றுமுறை ஏவுதலைச் சிலர் இங்கே எடுத்துக்காட்டக்கூடும்; அது குண்டை உயரே அனுப்பும் மருந்தின் புகையைத்தான் நீக்குகிறது, தரையில் எரியும் குழலுக்கு அது பயன்படாது.

ஆனால் குறைந்த புகை என்ற சொல்லைக் குறைந்த ஆபத்து என்று யாரும் படித்துவிடக்கூடாது. 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஸ்டேஷன் என்ற இரவு விடுதியில் மேடையில் கொளுத்தியவை ஜெர்ப் குழல்கள்தாம். சுவரில் ஒட்டியிருந்த பாலியூரிதேன் நுரையில் பொறி பட்டது, நூறு பேர் இறந்தார்கள். 2013 ஜனவரியில் பிரேசிலின் சாந்தா மரியா நகரில் கிஸ் விடுதியில், திறந்தவெளிக்கு உரிய வாணத்தைக் கூரைக்குக் கீழே கொளுத்தியதில் 242 உயிர்கள் போயின. இரண்டு இடங்களிலும் இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது நுரை எரிந்து வந்த நச்சுப்புகை. எந்தப் பொருள் எந்த இடத்துக்கு உரியது என்ற வகைப்பாட்டை மதிப்பதும் தரத்தின் ஒரு பகுதி என்றே நான் கருதுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013/29 நெறியுரை, வாணங்களை ஆபத்தின் அளவைப் பொறுத்து F1 முதல் F4 வரையிலும் மேடைப் பொருள்களை T1, T2 என்றும் பிரித்து வைத்திருப்பது இதற்காகத்தான்.

குழலும்களிமண்ணும் எழுதியது:

மேடைத்தீ ஐயா சொன்னதை மதிக்கிறேன். இருந்தாலும் நாற்பது மீட்டர் திறந்தவெளி முகப்புக்கு அது முழு விடையல்ல என்பேன். மேடைக் குழல் சில நொடிகள் எரிந்து அடங்குவதற்கென்றே உருவானது. கரித்தூள் பொறியின் பொன்னிறம், மெதுவாக விழுந்து அவிகிற அந்த நீண்ட வால், வெடியுப்பும் கரியும் இல்லாமல் கிடைக்காது. டைட்டானியத்தின் வெண்பொறி கூர்மையானது, அழகானது, ஆனால் அது வேறு அழகு. பொன்னிறப் பொறி வேண்டும் என்று கேட்டு வாங்குபவர் அதற்குரிய புகையையும் சேர்த்தே வாங்குகிறார். ஆகவே, புகை கூடினால் சரக்கு மட்டம் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. நான் கண்டவற்றிலேயே மிக நேர்த்தியான பொன்னிறக் குழல்கள் புகையில் ஒரு குறையும் வைத்ததில்லை.

மட்டமான சரக்கை வேறு இடங்களில் தேடவேண்டும். பொட்டாசியம் நைட்ரேட்டில் சோடியம் கலந்திருந்தால் இரண்டு வகையில் கெடும்: சோடியம் நைட்ரேட் ஈரத்தை இழுக்கும், அதனுடன் சோடியத்தின் மஞ்சள் ஒளி மற்ற நிறங்களையெல்லாம் விழுங்கிவிடும். இரும்புத் தூளுக்கு எண்ணெய்ப் பூச்சோ மெழுகுப் பூச்சோ இல்லையென்றால் கிடங்கிலேயே துருவேறி, கிளை விரியும் பொறி வருவதற்குப் பதிலாக வெறும் சிவந்த புள்ளிகளே வரும். அலுமினியமும் நைட்ரேட்டும் சேர்ந்த மருந்து நமத்தால் உள்ளுக்குள் வினை தொடங்கி வெப்பமும் அம்மோனியா வாயுவும் வெளிவரும். இதைத் தடுக்கவே சிறிதளவு போரிக் அமிலம் சேர்ப்பார்கள். பெட்டியைத் திறக்கும்போது அம்மோனியா நெடி அடித்தால் அதைத் தொடாமல் விலகி, தயாரிப்பாளருக்கும் உரிய அதிகாரிக்கும் சொல்லிவிடுங்கள். நமத்த குழலை வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் தவறு. உலரும்போது உப்பு இடம்பெயரும், மருந்துக்கட்டி சுருங்கி விரிசல் விடும், குழலின் சுவருக்கும் அதற்கும் இடையே சந்து உண்டாகும். பார்வைக்குக் காய்ந்த குழல், உள்ளே வெடிக்கத் தயாராக இருக்கும்.

லான்ஸ் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும், ஏனெனில் பலர் அதைக் கவனிப்பதில்லை. அதன் காகிதம் மருந்தோடு சேர்ந்தே எரிந்து மறையவேண்டும். ஒரு சுற்று காகிதம் கூடிவிட்டாலும் எரிந்த காகிதம் புகைபோக்கி போல முன்னே நீட்டிக்கொண்டு நிற்கும், சுவாலை அதற்குள் ஒளிந்துகொள்ளும். அப்போது நீங்கள் புகையைக் குறை சொல்வீர்கள், குற்றம் காகிதத்தில் இருக்கும். எரிந்த சட்டத்தில் கருகிய காகிதக் கூடுகள் நீட்டிக்கொண்டிருந்தனவா என்று பாருங்கள்.

மீதமுள்ள ஒன்பதையும் முதலில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே வகைக் குழல்களில் ஒன்று மட்டும் கனத்திருந்தால் ஈரம் ஏறியிருக்கலாம், இலேசாக இருந்தால் மருந்து குறைவாக இருக்கலாம். பிறகு திறந்தவெளியில், மணலில் பாதிக்கு மேல் புதைத்த தாங்கியில் கட்டி, மின்திரியால் தொலைவிலிருந்து ஒவ்வொன்றாக எரித்து, காணொளி எடுத்து நேரம் பாருங்கள்.

காற்றுத்திசை எழுதியது:

ஒரு வேண்டுகோள். சோதனையை இரண்டாகப் பிரித்து, பாதியை மென்காற்று வீசும் வறண்ட மாலையிலும் பாதியைப் பனி இறங்கும் அசைவற்ற இரவிலும் செய்யுங்கள். குழல் ஒன்றாக இருக்கும்போது காற்று மட்டும் என்ன செய்கிறது என்பது தெரிந்துவிடும்.

தரைவாணம் எழுதியது:

சோதனை முடிந்தது. எங்கள் காட்சிகளுக்கான அதே பாதுகாப்புத் தொலைவுடனும் அதே அனுமதியுடனும் செய்தோம்.

எடையில் ஏழு குழல்கள் சில கிராம் வேறுபாட்டுக்குள் இருந்தன. ஒன்று மற்றவற்றைவிட 11 கிராம் கூடுதல். ஒன்று 18 கிராம் குறைவு. உறையில் எரியும் நேரம் 30 நொடி என்று இருக்கிறது.

மென்காற்று மாலையில் எரித்தவை ஐந்து. நான்கு குழல்கள் 29 முதல் 32 நொடிக்குள் முடிந்தன. ஐந்தாவது, எடை குறைந்த அந்தக் குழல், 19-ஆம் நொடியில் களிமண்ணை உமிழ்ந்து தீர்ந்தது. இந்த முறை அந்த அடைப்பு எங்கே போனது என்பது காணொளியில் தெரிகிறது: ஏறத்தாழ பன்னிரண்டு மீட்டர் தள்ளி, புல்லில் இரண்டு முறை எகிறி விழுந்தது. குழலின் பின்னால் கட்டியிருந்த கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் போட்ட பலகை, ஒவ்வொன்றும் முடிந்த பத்து நொடிக்குள் தெளிவாகத் தெரிந்தது.

பனி இறங்கிய இரவில் எரித்தவை நான்கு. மூன்று குழல்கள் நேரத்திலும் உயரத்திலும் சரியாகவே எரிந்தன. கனம் கூடிய குழல் மட்டும் 41 நொடி இழுத்துக்கொண்டு பாதி உயரத்தில் எரிந்தது. ஆனால் பலகை? சரியாக எரிந்த முதல் குழலுக்குப் பிறகே அது மறைந்துவிட்டது. ஆறு நிமிடம் காத்திருந்தோம்; கட்டங்கள் மீண்டும் தென்பட்டபோதும் ஓரங்கள் கலங்கியே இருந்தன. பழுதில்லாத ஒரே ஒரு குழலின் புகை அது.

சட்டத்தையும் பார்த்தேன். கருகிய காகிதக் கூடுகள் நீல வரியில் மட்டும் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. அந்த வரிக்கு உரிய லான்ஸ் வேறு பெட்டியிலிருந்து வந்தவை.

குழலும்களிமண்ணும் எழுதியது:

இதைவிடத் தெளிவாக யாரும் நிறுவ முடியாது. பெட்டியில் கட்டுப்பாடு இல்லை: இருபத்தொரு குழல்களில் இரண்டு வாயை உமிழ்ந்திருக்கின்றன, மூன்று சோர்ந்து எரிந்திருக்கின்றன. இதை எடை, நேரம், காணொளி ஆகியவற்றுடன் தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். பெட்டியின் மீதுள்ள தொகுதி எண்ணைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். அது இல்லாமல் எந்த நாளில், எந்த மேசையில் மருந்து செலுத்தியது என்று அவர்களாலும் கண்டுபிடிக்க முடியாது. வாயை உமிழும் குழல் கண்ணைப் பறிக்கும் என்பதால் இதைத் தயங்காமல் செய்யவேண்டும். புகைக்காக மட்டும் அவர்களைக் குறை சொல்லவேண்டாம்.

வேதிப்பாடம் எழுதியது:

அடுத்த காட்சிக்குப் பொருள் தேர்வு செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். அம்மோனியம் பெர்குளோரேட் கொண்ட லான்ஸ் வாங்கினால் புகை குறையும் என்று சொல்வார்கள். வறண்ட காற்றில் அது உண்மை, ஏனெனில் அதில் பொட்டாசியம் இல்லை. ஆனால் அது வெளிவிடும் ஹைட்ரஜன் குளோரைடு ஈரக் காற்றில் நீரைப் பிடித்து அமிலப் பனியாகிவிடும். உங்கள் மைதானத்தின் இரவுகளுக்கு அந்த மாற்றம் உதவாது, மூச்சுக்கும் நல்லதல்ல.

கூட்டத்தில்ஒருவர் எழுதியது:

ஒரு குழலின் புகை ஆறு நிமிடம் நிற்கும் என்றால், அந்த மாதிரி இரவில் காட்சியை நடத்தாமலேயே இருக்கலாமே.

தரைவாணம் எழுதியது:

அதையே முடிவு செய்தோம், ஐயா. இனிமேல் காட்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரே ஒரு சிறு குழலை எரித்து, சட்டத்தின் பின்னால் வைத்த கட்டப் பலகை இரண்டு நிமிடத்துக்குள் தெளியவில்லையென்றால் காட்சியை மறுநாளுக்குத் தள்ளிவைப்போம் என்று ஏற்பாட்டாளரிடம் எழுத்திலேயே வாங்கிக்கொள்கிறோம். காற்று மக்களை நோக்கி இருந்தாலும் அதே விதி.

வரிசையையும் திருப்பிவிட்டோம். எழுத்துப் படம் முதலில், காற்று வரும் பக்கத்து ஓரத்தில். லான்ஸ்களை இணைக்கும் வேகத்திரியும் கருமருந்துதான், பற்றும் கணத்தில் அதுவே ஒரு மூட்டத்தைக் கிளப்புகிறது என்பதால், சட்டத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றாகப் பற்றவைக்கிறோம். அடுத்து சக்கரங்கள், பிறகு பன்னிரண்டுக்குப் பதில் எட்டுப் புஸ்வாணங்கள். நீர்வீழ்ச்சி கடைசியில், அதன் புகைக்குப் பின்னால் காட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாத இடத்தில்.

சென்ற சனிக்கிழமை முதல்முறை இந்த வரிசையில் நடத்தினோம். இடமிருந்து மெல்லிய காற்று இருந்தது. பலகை நாற்பது நொடியில் தெளிந்தது. இருக்கைகளை இடப்பக்கம் தள்ளிப் போட்டு, மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் அங்கே அமருமாறு முன்கூட்டியே அறிவித்தோம். தயாரிப்பாளர் தரப்பிலிருந்து இன்னும் பதில் வராததால், அந்தப் பெட்டி வகையை விட்டுவிட்டு வேறு குழல்களைப் பயன்படுத்தினோம். ஒவ்வொன்றையும் எடை போட்டுத்தான் நிறுத்தினோம். நீல வரிக்குக் காகிதம் மெலிந்த லான்ஸ் வாங்கியிருந்தோம். கடைசி எழுத்தின் கடைசிக் குழல் அவியும்வரை அந்த வரியை, அறுபது மீட்டருக்கு அப்பால் உட்கார்ந்திருந்த சிறுவர்கள் உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்கள்.